முழங்காலில் நின்று வேதம் வாசித்தவர்: பெப்ரீஷியஸ் ஐயரின் வாழ்க்கை பைபிள் வாசகர்களுக்கு என்ன சொல்கிறது?

கறம்பக்குடியில் தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் போனில் பைபிள் செயலியைத் திறந்து ஒரு அதிகாரத்தை வாசித்து முடித்துவிடலாம். பழைய மொழிபெயர்ப்பு, பொது மொழிபெயர்ப்பு, ஆங்கிலப் பதிப்புகள் என எல்லாம் ஒரே திரையில் இருக்கின்றன. ஒரு வார்த்தையைத் தட்டினால் போதும், அந்த வார்த்தை வரும் வசனங்கள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். போதாக்குறைக்கு, காலையில் கண் விழிப்பதற்குள் 'இன்றைய வசனம்' வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.

வசதி கூடிவிட்டது. ஆனா, வாசிக்கிற விதம்? வேலை கிடைக்குமா, கல்யாணம் நடக்குமா என்று பதில் தேடி ஒரு வசனம். குரூப்பில் யாரையாவது மடக்க இன்னொரு வசனம். ஸ்டேட்டஸ் வைக்க மூன்றாவது. ஏற்கெனவே மனதில் முடிவு செய்த ஒன்றுக்கு ஆதாரம் தேடித்தான் பல நேரம் பைபிளைத் திறக்கிறோம். அப்படியென்றால் அதை எந்த மனநிலையோடு அணுக வேண்டும்? கிறிஸ்தவ இளைஞர்கள் பலரும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

இதற்கு விதிமுறைப் பட்டியல் போடுவது சுலபம். அதைவிட, ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்பது உதவும். தமிழ் பைபிளை ஒவ்வொரு சொல்லாகக் கடந்து வந்தவர் அவர். அந்த வேலைக்குக் கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டார். கடைசியில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். பெயர் ஜொஹான் பிலிப் பெப்ரீஷியஸ். தமிழ் லுத்தரன் சபையாருக்கு அவர் பெப்ரீஷியஸ் ஐயர். சென்னை புரசைவாக்கத்தில் அவர் பெயரில் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

அவருக்கு முன்னால் என்ன இருந்தது?

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706 ஜூலை 9-ல் டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் அங்கே கரையிறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்க், இன்னொருவர் ஹென்ரிக் புளுட்சோ. சீகன்பால்குக்கு அப்போது வயது 23. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார்.

1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி, 1711-ல் முடித்தார். 1714-15-ல் அது தரங்கம்பாடியிலேயே அச்சானது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்தபோது, 1719-ல், 36 வயதில் அவர் இறந்துபோனார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே.

இரண்டு பேரும் செய்தது பெரிய வேலை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. மொழி கற்ற சில ஆண்டுகளிலேயே, அதுவும் வேகமாகச் செய்த மொழிபெயர்ப்பு அது. தமிழ் பல இடங்களில் தட்டுத்தடுமாறியது. இதைச் சும்மா விடாதவர் ஒருவர் இருந்தார். 'தேம்பாவணி' எழுதிய வீரமாமுனிவர், அதாவது இத்தாலிய இயேசு சபைத் துறவி பெஸ்கி. தரங்கம்பாடிக்காரர்களின் தமிழைக் கடுமையாகக் கேலி செய்து கண்டன நூலே எழுதினார்.

கத்தோலிக்கர், லுத்தரன் என்ற சண்டை அதில் இருந்தது உண்மைதான். ஆனாலும் தமிழைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குச் சரியான பதில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாக மட்டுமே இருக்க முடியும். அந்த வேலைதான் பெப்ரீஷியஸுக்காகக் காத்திருந்தது.

சட்டம் படித்தவர் ஹாலே நகருக்கு வந்த கதை

பெப்ரீஷியஸ் பிறந்தது 1711 ஜனவரி 22-ல், ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் உள்ள கிளீபெர்க் என்ற சிறிய ஊரில். முதலில் கீசன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பிறகு மனம் மாறி இறையியல் படிக்க ஹாலே நகருக்குப் போனார்.

ஹாலே அந்தக் காலத்தில் ஒரு பெரிய மையம். ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர் அங்கே அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமும் பள்ளிகளும் நடத்தினார். ஏழைகளும் வாங்கும் விலையில் பைபிள் அச்சிட 1710-ல் அங்கே ஒரு நிறுவனம் உருவானது. போதகர் மட்டும் மேடையில் நின்று பேசுவது போதாது, சாதாரண மக்களும் வீட்டில் கூடி வேதத்தை வாசித்துப் பேச வேண்டும் என்று சொன்ன இயக்கம் அது. இன்று கறம்பக்குடி பக்கத்தில் ஒரு வீட்டில் நாலு பேர் கூடி 'பைபிள் ஸ்டடி' நடத்தினால், அந்தப் பழக்கத்தின் ஒரு வேர் 17-ம் நூற்றாண்டின் இந்த ஜெர்மானிய இயக்கத்தில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் வேதம் வாசிப்பதற்கு மூன்று படிகள் சொல்வார்கள். மார்ட்டின் லூதர் 1539-ல் எழுதிய ஒரு முன்னுரையில் சொன்னவை அவை. ஜெபம், தியானம், சோதனை.

ஜெபம் என்றால், என் அறிவால் மட்டும் இது பிடிபடாது என்று முதலில் ஒப்புக்கொள்வது. தியானம் என்றால் கண்ணை மூடி உட்காருவது கிடையாது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்து, வாய்விட்டுச் சொல்லி, மாடு அசைபோடுவதுபோல அசைபோடுவது. சோதனை என்றால், வாழ்க்கையில் அடிபடும்போது வாசித்தது நிற்கிறதா என்று தெரியவருவது.

முதல் இரண்டையும் ஒரு அறைக்குள் உட்கார்ந்து செய்யலாம். மூன்றாவதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அது தானாக வரும். பெப்ரீஷியஸின் வாழ்க்கையில் இந்த மூன்றும் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

போர்களுக்கு நடுவே ஒரு மேசை

1740-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் கற்றார். 1742 இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்த சூல்ட்சே ஊருக்குத் திரும்ப, சிறிய தமிழ்ச் சபை ஒன்று இவர் பொறுப்பில் வந்தது. அப்போது வயது 31. அதன் பிறகு சொந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அமைதியான ஊரில் உட்கார்ந்து எழுதினார் என்று நினைக்காதீர்கள். வந்து நாலு வருஷத்தில், 1746 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் சபையாரையும் கூட்டிக்கொண்டு டச்சுக்காரர்கள் கையில் இருந்த பழவேற்காட்டுக்குப் போனார். ஆங்கிலேயருக்கு ஊர் திரும்பக் கிடைத்த பிறகு, 1749-ல்தான் வர முடிந்தது. அதன் பிறகு வேப்பேரியில் சபை வேரூன்றியது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு வெளியே இருந்த வேப்பேரி சூறையாடப்பட்டது. 1760-களின் கடைசியில் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் வாசல் வரை வந்தது. 1780-ல் மறுபடியும் ஹைதர் அலியின் படையெடுப்பு, அதைத் தொடர்ந்து பஞ்சம்.

நம் பக்கத்திலும் இதே நிலைமைதான். அன்றைக்குக் கறம்பக்குடி தொண்டைமான் சீமையில் இருந்தது. பக்கத்திலேயே தஞ்சை மராத்திய அரசு. இந்தப் பக்கம் ஆங்கிலேயர், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர், நடுவில் ஆற்காடு நவாப். யாருக்கும் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத காலம் அது.

இதற்கு நடுவில்தான் அவர் மேசையில் எபிரேயம், கிரேக்க மூலங்கள் ஒரு பக்கம், சீகன்பால்கும் சூல்ட்சேயும் செய்த தமிழ் இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாக நகர்ந்தார்.

எப்படி வாசித்தார்?

பெப்ரீஷியஸ் பற்றித் தமிழ்ச் சபைகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. முழு வேதாகமத்தையும் முழங்காலிலேயே கடந்து வந்தார் என்பார்கள். மண்டியிட்டு ஜெபித்து, ஒரு வசனத்தை எழுதி, மறுபடி ஜெபித்து, அடுத்ததற்குப் போவாராம். இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவருடைய அணுகுமுறையைச் சபை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதைக் கவனித்தால் போதும். எபிரேயம் தெரிந்தவர், கிரேக்கம் தெரிந்தவர், சட்டம் படித்தவர் என்று சபை அவரை நினைவில் வைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு குனிந்தவராக வைத்திருக்கிறது.

இரண்டாவது, எழுதியதை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. தமிழ் நன்கு அறிந்த உதவியாளர்களோடு உட்கார்ந்தார். அதோடு நிற்காமல், படித்தவர், படிக்காதவர் எனப் பலதரப்பட்ட மக்களுக்கும் வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டார். புரியாவிட்டால் திருத்தினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 18-ம் நூற்றாண்டில், கம்பெனி ஆட்சிக் காலத்தில், ஒரு ஐரோப்பியர் எழுத்து வாசனை இல்லாத ஒருவரிடம் போய் இது சரியா என்று கேட்கிறார். அவர் புரியவில்லை என்று தலையாட்டினால் தன் வரியை அடிக்கிறார். வேதம் வாசிப்பதில் பணிவு என்று சொல்கிறோமே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். கடவுளுக்கு முன் பணிவாக இருப்பதாகச் சொல்லிக்கொள்வது எளிது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர் நம் புரிதலைத் திருத்தும்போது அதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம்.

மூன்றாவது, அவசரப்படவில்லை. சீகன்பால்க் மூன்று ஆண்டுக்குள் முடித்த புதிய ஏற்பாட்டுக்கு இவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். சீகன்பால்கைக் குறை சொல்வதற்கில்லை. அவர் வெறும் தரையில் வீடு கட்டியவர். ஆனால் இரண்டாவதாக வருபவருக்கு வேறொரு பொறுப்பு இருக்கிறது. முன்னோர் செய்ததை மதிக்கவும் வேண்டும், அதில் இருக்கும் தவறை மறைக்காமல் திருத்தவும் வேண்டும். பெப்ரீஷியஸ் இரண்டையும் செய்தார்.

ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம்?

மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு சொல்லும் ஒரு முடிவு. எடுத்துக்காட்டாக, 'கடவுள்' என்பதற்கு என்ன சொல் போடுவது? சீகன்பால்க் 'சர்வேசுரன்' என்று எழுதினார். கத்தோலிக்கரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பெப்ரீஷியஸ் 'பராபரன்' என்ற சொல்லை எடுத்தார். தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணியில் வரும் அதே சொல்தான். பின்னால் வந்தவர்கள் 'தேவன்' என்றார்கள். இன்றைய பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்' என்று இருக்கிறது.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு ஒரு வரலாறு உண்டு, கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் உண்டு. இதைத் தெரிந்துகொண்டவர் ஒரு வசனத்தின் ஒற்றைத் தமிழ்ச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகமாட்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மூலச் சொல் இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் வரிகள் இருக்கின்றன என்று தயங்குவார். அந்தத் தயக்கம் பைபிள் வாசிப்பில் நல்ல குணம்.

சொற்களோடு இத்தனை காலம் மல்லுக்கட்டியதில் இன்னொரு பலனும் கிடைத்தது. 1779-ல் பெப்ரீஷியஸும் அவரோடு பணியாற்றிய பிரைத்ஹவுப்ட்டும் சேர்ந்து ஒரு தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டார்கள். சுமார் 9,000 சொற்கள். ஐரோப்பியர் அந்தக் காலத்தில் தமிழை 'மலபார்' மொழி என்று அழைத்ததால், அகராதியின் தலைப்பிலும் அந்தப் பெயரே இருந்தது. பிற்காலத்தில் அது விரிவாக்கப்பட்டுப் பல பதிப்புகள் கண்டது. 1972-ல் தரங்கம்பாடியிலிருந்து வந்த நான்காம் பதிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் போனிலேயே தேடிப் பார்க்கலாம்.

அச்சகம் எங்கிருந்து வந்தது?

அதுவும் ஒரு போர்க் கதைதான். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த பிரெஞ்சு அச்சு இயந்திரமும் கையில் சிக்கியது. சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. அரசாங்கத்துக்குத் தேவைப்படும்போது அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை வேப்பேரியில் பெப்ரீஷியஸிடம் ஒப்படைத்தார்கள். அந்த வேப்பேரி அச்சகத்தில் 1772-ல் அவருடைய புதிய ஏற்பாடு அச்சேறியது. பழைய ஏற்பாடு 1777-க்குப் பிறகு பகுதி பகுதியாகத் தரங்கம்பாடியில் அச்சானது.

ஜெர்மன் மொழியில் இருந்த பல கீர்த்தனைகளையும் அவர் தமிழாக்கினார். இன்றும் லுத்தரன் சபைகளில் ஞாயிறு ஆராதனையில் பாடும் ஞானப்பாட்டுகளில் அவர் மொழிபெயர்த்தவை இருக்கின்றன. வேதத்தைப் படிப்பது, பாடுவது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவருக்கு ஒரே வேலையின் பகுதிகள்.

கடைசிக் காலம்: கடனும் சிறையும்

இத்தோடு முடித்தால் இது ஒரு நல்ல மனிதரின் நல்ல கதை. ஆனா நடந்தது அப்படியில்லை.

பெப்ரீஷியஸிடம் நிறையப் பேர் பணத்தைக் கொடுத்து வைத்தார்கள். சபைக்குரிய நிதியும் அவர் பொறுப்பில் இருந்தது. வங்கி இல்லாத காலம். நேர்மையானவர் என்று பெயர் எடுத்த போதகரிடம் கொடுத்து வைப்பது வழக்கம்தான். அந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்துப் பெருக்கினால் சபைக்கும் பள்ளிக்கும் உதவும் என்று நினைத்தார். ஆற்காடு நவாப் வட்டாரத்தைச் சேர்ந்தவர்களுக்கு அது கடனாகப் போனது.

நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களின் கதை அன்றைய சென்னையில் பெரிய ஊழல் கதை. 1785-ல் லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரையே ஆற்றினார். கம்பெனி அதிகாரிகள் பலர் அதில் பணம் பார்த்தார்கள். பெப்ரீஷியஸ் போன்றவர்களுக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

நம்பிக் கொடுத்தவர்கள் கேட்டார்கள். கொடுக்க அவரிடம் இல்லை. பைபிளை மொழிபெயர்த்த கை, அகராதி எழுதிய கை, கடைசியில் கடன்காரர் சிறையில் கிடந்தது. ஒரு முறையோடு அது முடியவும் இல்லை. முதுமை வேறு. 1788-ல் கெரிக்கே என்ற இளைய போதகர் வந்து வேப்பேரி சபையின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 1791 ஜனவரி 23-ல், எண்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள், பெப்ரீஷியஸ் இறந்துபோனார்.

இந்தப் பகுதியைச் சிலர் மெல்லத் தாண்டிப் போவார்கள். சிலர் அப்பாவி ஏமாந்துவிட்டார் என்று முடிப்பார்கள். அவர் தனக்காகப் பணம் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் இழந்தது அவருடைய பணம் மட்டுமில்லை. அவரை நம்பியவர்களின் பணம். பணத்தைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் அந்நியர் பொருளைக் காப்பதைப் பற்றியும் வேதாகமம் எத்தனை இடங்களில் பேசுகிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்றைக்குத் தமிழ்நாட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த வசனங்களுக்குச் சரியான தமிழ்ச் சொல்லைத் தேடியவரே அவர்தான். ஆனாலும் தவறினார்.

லூதர் சொன்ன மூன்றாவது படி, சோதனை, அவருக்கு வந்தது இந்த வடிவத்தில்தான். ஒரு வசனத்தின் பொருள் தெரிவதும், அந்த வசனம் நம் கணக்குப் புத்தகத்துக்குள் வர அனுமதிப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை கிடைப்பது அரிது. பெப்ரீஷியஸைக் கீழே இறக்க இதைச் சொல்லவில்லை. கால் நூற்றாண்டு முழங்காலில் நின்று வாசித்தவருக்கே இப்படி ஒரு மூலை பார்வைக்குத் தப்பியது என்றால், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பத்து நிமிடம் வாசிக்கிற நமக்கு எத்தனை மூலைகள் தப்பும் என்பதை யோசிப்பதற்காகத்தான்.

அவருக்குப் பிறகு நடந்த சண்டை

அவர் மொழிபெயர்ப்பு அவரைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி என்று சபைகள் பரவிய இடங்களில் எல்லாம் அந்தப் பைபிள் போனது. மக்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்தத் தமிழே வேதத்தின் தமிழ் என்று ஆகிவிட்டது.

1814-ல் வந்த ரேனியஸ் என்ற மிஷனரி, பெப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பு மூலத்தின் வாக்கிய அமைப்பை அதிகமாகப் பின்பற்றுகிறது, தமிழ் இன்னும் இயல்பாக இருக்க வேண்டும் என்று சொல்லித் திருத்தத் தொடங்கினார். தஞ்சாவூரில் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாஸ்திரியார். தஞ்சை சரபோஜி மன்னரின் மதிப்பைப் பெற்றவர், ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களில் பெரிய பெயர். நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட வேதத்தை ஏன் மாற்றுகிறீர்கள் என்பது அவர் தரப்பின் வேதனை.

அந்த வேதனை புரிகிறது. இன்றைக்கும் வீட்டில் பாட்டி வாசித்த பைபிளின் வரி வேறு பதிப்பில் மாறியிருந்தால் நமக்கு ஒரு மாதிரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. பெப்ரீஷியஸ் முன்னோரின் மொழிபெயர்ப்பைத் தொடக்கூடாததாக நினைக்கவில்லை. அவருடைய மொழிபெயர்ப்பை மட்டும் அடுத்த தலைமுறை தொடக்கூடாதது என்று ஆக்கிவிட்டது. ஒரு பதிப்பின் மேல் இருக்கும் பாசம், சில நேரம் வேதத்தையே பின்னுக்குத் தள்ளிவிடும்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு பெப்ரீஷியஸ், ரேனியஸ் இருவரின் வேலையையும் வைத்துக்கொண்டு புதிதாகச் செய்தது. 1871-ல் முழு வேதாகமமாக வந்த அந்தப் பதிப்பைத்தான் தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் இன்றும் வாசிக்கிறார்கள். உங்கள் செயலியில் 'பழைய மொழிபெயர்ப்பு' என்று இருப்பது அதுதான். அதன் அடியில் வேப்பேரிக்காரரின் தமிழ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1995-ல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். வீரமாமுனிவர் காலத்துச் சண்டையை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, இன்றைக்கு வாசிக்கிறவர் என்ன செய்யலாம்?

பெப்ரீஷியஸ் எழுதி வைத்த விதிமுறை எதுவும் இங்கே தரப்போவதில்லை. அவர் வாழ்ந்த விதத்திலிருந்து நாமே எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை.

ஒன்று, பதில் தெரிந்துகொண்டு திறக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு வசனம் தேடுவது வாசிப்பு ஆகாது. திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் அமைதியாக இருந்து, இன்று நான் நினைப்பதற்கு எதிராக ஏதாவது வந்தால் கேட்டுக்கொள்வேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இரண்டு, ஒற்றை வசனத்தோடு நிற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த வசனத்தின் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்று பாருங்கள். பல நேரம் அர்த்தமே மாறும்.

மூன்று, இரண்டு மொழிபெயர்ப்பை அருகருகே வையுங்கள். அவர் மேசையில் விரித்து வைத்ததை நாம் திரையில் வைக்கலாம். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கும்.

நான்கு, உங்களைவிடக் குறைவாகப் படித்தவரிடம் கேளுங்கள். வயலில் நாற்று நட்டவருக்கு விதைக்கிறவன் உவமை நம்மைவிட நன்றாகப் புரியும். கடன் வாங்கி அடைத்தவருக்கு மன்னிக்கப்பட்ட கடனாளியின் உவமை வேறு மாதிரி கேட்கும். ஹாலேயில் மூலமொழி படித்தவரே கேட்டார் என்றால் நாமும் கேட்கலாம்.

ஐந்து, கடைசியாக, கணக்குப் புத்தகத்தையும் திறந்து வையுங்கள். சம்பளம், கடன், வட்டி, வேலைக்கு வருகிறவருக்குக் கொடுக்கும் கூலி, சாதி பார்த்துப் பேசும் பேச்சு இவற்றை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு ஆறுதல் தரும் வசனங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வாசிக்க முடியும். நிறையப் பேர் அப்படித்தான் வாசிக்கிறோம். பெப்ரீஷியஸுக்கு வந்த அடி, நாம் விலக்கி வைக்கும் இந்த மாதிரி ஒரு பக்கத்திலிருந்துதான் வந்தது.

தஞ்சாவூர் பஸ் வந்துவிட்டால் செயலியை மூடித்தான் ஆக வேண்டும். வாசித்த அதிகாரத்தில் புரியாத ஒரு வரி இருந்தால் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அதை அசைபோட நேரம் இருக்கிறது.